வரவு வழியே செலவும்: மோட்டார் சைக்கிள் சார்ஜர் வயரின் வரலாறு

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சிறு கறுப்பு வயர் எட்டிப்பார்க்கும். அதன் ஒரு முனையில் இரண்டு வளையங்கள். அவை பேட்டரியின் இரு டெர்மினல்களிலும் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். பாசிட்டிவ் வயரின் நடுவே ஒரு ஃபியூஸ். மறுமுனையில் இரண்டு முனைகள் கொண்ட தட்டையான பிளக், அதற்கொரு ரப்பர் மூடி. வண்டி நிற்கும் மாதங்களில் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சார்ஜரை மாட்டுவதற்காகப் பொருத்தப்படும் வயர் இது. வண்டி ஓடத் தொடங்கியதும் அதே பிளக்கில் சூடேற்றும் மேல்சட்டையையும் டயர் பம்பையும் செல்போனையும் மாட்டிக்கொள்கிறார்கள். மின்சாரம் உள்ளே போக வைத்த வழியில் அதை வெளியே எடுக்கும் இந்தப் பழக்கத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. வண்டியில் பேட்டரி வந்தது, அது பெருத்தது, குளிர்காலத்தில் அது படுத்துக்கொண்டது, பயணத்தில் தேவைப்படும் கருவிகள் பெருகின; இவையெல்லாம் ஒன்றுகூடி உண்டாக்கிய பழக்கம் அது.

தொடக்ககால வண்டிகளில் வெளியே கொடுப்பதற்கு மின்சாரமே இருக்கவில்லை. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டுவந்த பிறகு அதற்கும் பேட்டரி வேண்டாம் என்றாயிற்று. மேக்னெட்டோ சுழலும்போதே மின்சாரம் பிறக்கும், பிறந்த கணமே பொறியாகச் செலவாகும். சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்கவைக்கிறார்களே, அதே கால்சியம் கார்பைடு கல்தான். அதன்மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு கிளம்பும். அதைக் கொளுத்தினால் வெள்ளை வெளிச்சம். அமெரிக்காவில் இந்த வாயுவையே சிலிண்டரில் அடைத்து விற்ற பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனம் பெரும் வியாபாரம் செய்தது. ஹாரன் என்பது ரப்பர் குமிழைக் கையால் அமுக்குவது.

ஈய-அமில பேட்டரி அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. பிரான்சில் காஸ்டன் பிளாந்தே 1859-ல் அதைச் செய்துகாட்டினார். 1881-ல் காமில் ஃபோர் ஈயத் தகடுகளில் பசை பூசும் முறையைக் கண்டுபிடித்ததும் அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. ஆனால் இரு சக்கர வண்டிக்கு அது ஒத்துவரவில்லை. கனம் ஒரு தொல்லை. வண்டி சாய்ந்தால் அமிலம் சிந்துவது இன்னொன்று. எல்லாவற்றையும்விட அதிர்வுதான் பேட்டரியைக் கொன்றது. குலுங்கக் குலுங்கத் தகட்டில் பூசிய பசை உதிர்ந்து அடியில் தங்கும். தங்கிய குவியல் இரு தகடுகளைத் தொட்டதும் பேட்டரியின் அந்த அறை செத்துவிடும்.

இதையெல்லாம் மீறி ஒரு நிறுவனம் துணிந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த இந்தியன் நிறுவனம் 1914-ல் ஹெண்டி ஸ்பெஷல் என்ற வண்டியை வெளியிட்டது. நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஹெண்டியின் பெயர் தாங்கிய அந்த வண்டியில் மின் ஸ்டார்ட்டர் இருந்தது, மின் விளக்கு இருந்தது, அவற்றுக்காக 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருந்தன. கருத்து அரை நூற்றாண்டு முந்தியது; பேட்டரிதான் ஈடுகொடுக்கவில்லை. சீக்கிரமே சக்தி இறங்கிப்போக, ஸ்டார்ட்டர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பாரமாயிற்று. நிறுவனம் அந்த மாதிரியை ஓராண்டுக்குள் கைவிட்டது. மோட்டார் சைக்கிளுக்குக் காலால் உதைத்துக் கிளப்புவதே இயல்பு என்ற எண்ணம் அதன் பின் நெடுங்காலம் மாறவில்லை.

விளக்குக்கான மின்சாரம் 1920-களில் நிலைபெற்றது. பர்மிங்ஹாமில் இருந்த லூகாஸ் நிறுவனம் மேக்னெட்டோவையும் டைனமோவையும் ஒரே உடலில் கோத்து ‘மேக்டைனோ’ என்று விற்றது. பிரிட்டிஷ் வண்டிகளில் அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளும் இந்த 6 வோல்ட் ஏற்பாடுதான். டைனமோ தந்தது 40 முதல் 60 வாட் வரை. முகப்பு விளக்கும் பின்விளக்கும் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிஞ்சியது பேட்டரியை மெல்ல நிரப்பவே போதும். லூகாஸ் சாதனங்கள் நடுவழியில் இருட்டாக்கும் என்று பிரிட்டனில் எண்ணற்ற கேலிகள் உண்டு. அவற்றில் பாதிப் பழி அந்த நிறுவனத்தைச் சேராது. நனைந்த வயரும் தளர்ந்த எர்த்தும் செய்த வேலை அது. சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் பழக்கம். லூகாஸும் டிவிஎஸ் குழுமமும் 1961-ல் கூட்டாகத் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் ஆலை பாடியில் இருப்பதால், அங்குள்ள பஸ் நிறுத்தமே லூகாஸ் என்றாகிவிட்டது.

அந்தக் காலத்து மின் வரவுசெலவை அப்படியே கண்முன் காட்டிய கருவி ஒன்று தமிழ்நாட்டு வண்டிப் பிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலே, வேகமானிக்குப் பக்கத்தில், சிறியதாக ஓர் ஆம்பியர் மீட்டர் இருந்தது. முள் நடுவில் நின்றால் வரவும் செலவும் சரி. வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குள் மின்சாரம் போகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. இரவில் சிக்னலில் எஞ்சினை மெதுவாக விட்டு நின்றால், முகப்பு விளக்கு எரிய, முள் இடதுபக்கம் படுத்துவிடும். பிரேக்கை மிதித்தால் இன்னும் சாயும். ஆக்சிலேட்டரை முறுக்கியதும் எழுந்து வலப்பக்கம் வரும். இத்தகைய வண்டியில் வேறொரு கருவியை மாட்டி ஓட்டுவது என்பது முள்ளை நிரந்தரமாக இடப்பக்கம் நிறுத்துவதற்குச் சமம். அதனால்தான் பழைய வண்டிகளில் அந்த ஆசையே யாருக்கும் எழவில்லை.

நிலைமை மாறியது மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்ததால். முதலாவது ஆல்டர்னேட்டர். டைனமோவில் சுழலும் சுருளிலிருந்து கார்பன் பிரஷ் வழியாக மின்சாரத்தை எடுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் காந்தம் சுழல்கிறது, சுருள் அசையாமல் நிற்கிறது, தேய்மானம் குறைவு. டிரையம்ஃப் ஸ்பீடு ட்வின் வண்டியில் 1953-ல் லூகாஸ் ஆல்டர்னேட்டர் வந்தது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் வேலையைச் சிலிக்கான் டயோடு எளிதாக்கிய பிறகு பிறரும் பின்தொடர்ந்தார்கள். இரண்டாவது 12 வோல்ட். ஒரே வாட் அளவுக்கு 6 வோல்ட்டில் வேண்டிய ஆம்பியரில் பாதிதான் 12 வோல்ட்டில் வேண்டும். ஒரே வயரில் சூடாக வீணாகும் சக்தி கால்பங்காகக் குறையும்.

மூன்றாவது, மின் ஸ்டார்ட்டரின் மறுவருகை. ஹோண்டா 1950-களின் இறுதியிலேயே சிறு வண்டிகளில் அதைக் கொடுத்துவிட்டது. ஹார்லி-டேவிட்சன் 1965-ல் எலெக்ட்ரா கிளைடில் கொண்டுவந்தது. வண்டியின் பெயரே அதைப் பறைசாற்றியது. 1969-ல் வந்த ஹோண்டா சிபி 750 நான்கு சிலிண்டர் எஞ்சினோடும் பொத்தான் ஸ்டார்ட்டோடும் வந்து பிரிட்டிஷ் தொழிலையே கவிழ்த்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் ஓரிரு விநாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஓரிரு விநாடிக்காகவே பெரிய பேட்டரி வைக்க வேண்டியிருந்தது. சிபி 750-ல் இருந்தது 14 ஆம்பியர்-மணி. எஞ்சின் கிளம்பிய பிறகு அந்தப் பேட்டரிக்கு அதிக வேலையில்லை. ஆக, 150 வாட்-மணிக்கு மேற்பட்ட சக்தித் தொட்டி ஒன்றை ஒவ்வொரு வண்டியும் எப்போதும் சுமந்துகொண்டு போக ஆரம்பித்தது. பயன்படுத்தத்தான் வழியில்லை.

வழி தேடும் அவசரத்தை உண்டாக்கியது நெடும்பயண மோகம். அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் 1971-ல் விற்கத் தொடங்கிய விண்ட்ஜாமர் என்ற காற்றுத்தடுப்பு முகப்பு எந்த வண்டியையும் நெடுந்தொலைவு வண்டியாக்கியது. முகப்புக்குள் கிடைத்த இடத்தில் ரேடியோ ஏறியது. 1970-களின் நடுவில் லாரி ஓட்டுநர்களிடமிருந்து பரவிய, இருவழியாகப் பேச உதவும் சி.பி. ரேடியோ ஏறியது, கூடுதல் விளக்குகள் ஏறின. 1975-ல் வந்த ஹோண்டா கோல்டுவிங் இந்தப் பாரத்தைத் தாங்கும் ஆல்டர்னேட்டரோடு பிறந்தது. 1980-ல் அதன் இன்டர்ஸ்டேட் மாதிரி காற்றுத்தடுப்பையும் பெட்டிகளையும் ஆலையிலேயே பொருத்திக்கொண்டு வெளிவந்தது.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் குழப்பம். பின்விளக்கு வயரின் காப்புறையை அறுத்துக்கொண்டு உள்ளே கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சாலிடரிங் வேண்டாம், ஒரு கட்டிங் பிளேயர் போதும். அறுபட்ட இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும், செம்பு பச்சை பூக்கும், ஓரிரு பருவங்களில் பின்விளக்கே அணைந்துபோகும். சிக்கனமாகச் செய்த வேலை ஆபத்தாக முடிந்த உதாரணங்களில் இதற்கு முன்வரிசை கொடுக்கலாம். பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸோடு ஒரு வயர் எடுப்பதே சரி என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்ததுதான். அதற்கென்று பொதுவான பிளக் மட்டும் இல்லை.

காரில் இந்தச் சிக்கல் தற்செயலாகத் தீர்ந்திருந்தது. சிகரெட் பற்றவைக்க வைத்த துளை, சிகரெட் பழக்கம் குறைந்த பிறகும், 12 வோல்ட் கருவிகளுக்கெல்லாம் சாக்கெட்டாக நிலைத்துவிட்டது. வண்டியில் அது சரிப்படவில்லை. 21 மில்லிமீட்டர் அகல வாய்க்குள் மழை தேங்கும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் பிளக்கை அதிர்வு மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும். பி.எம்.டபிள்யூ தன் வண்டிகளில் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு சாக்கெட்டை வைத்தது. பிடிப்பு இறுக்கமானது, மூடியும் உண்டு. பின்னர் அது ஐ.எஸ்.ஓ. 4165 என்ற உலகத் தரமாகவும் ஆயிற்று. தொழில்நுட்பத்தில் எதைக் காட்டிலும் இதுவே மேல். ஆனால் பிற நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத் தம் வண்டிகளில் வைக்கவில்லை.

குளிரில் ஓட்டுபவர்களின் தேவை தனி வகை. விமானப் படையினர் உலகப் போர்களின்போதே மின்சாரத்தால் சூடேற்றிய உடைகளை அணிந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கெர்பிங் நிறுவனம் 1970-களில் அந்த யோசனையை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மேல்சட்டையின் உட்புறம் ஓடும் மெல்லிய கம்பிகள் 12 வோல்ட்டில் சூடாகும். மேல்சட்டை ஒன்றுக்கே 75 வாட்டுக்கு மேல் வேண்டும், கையுறைகளுக்கு இன்னொரு 25 வாட். இந்த உடைகளோடு பேட்டரியில் பொருத்தும் வயர் ஒன்றும் வரும். அதன் முனை வட்டமான சிறு பிளக். ஆக 1980-களில் ஒரு வண்டியிலேயே மூன்று விதமான பிளக்குகள் தொங்கும் நிலை.

இந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து எல்லாரையும் முந்திக்கொண்டதுதான் சார்ஜர் வயர். அதன் பிறப்புக்குக் காரணம் பனிக்காலம். வட அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஸ்காண்டிநேவியாவிலும் ஜெர்மனியிலும் வண்டி அக்டோபரில் ஷெட்டுக்குள் போனால் வெளியே வர மார்ச்சோ ஏப்ரலோ ஆகும். ஜெர்மனியில் 1997 முதல் பருவகால நம்பர் பிளேட் என்ற ஏற்பாடே உண்டு. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வண்டி சாலையில் ஓடலாம் என்பது பிளேட்டின் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். மேலே 03, கீழே 10 என்றிருந்தால் மார்ச் தொடங்கி அக்டோபர் முடிய. மற்ற மாதங்களில் தெருவோரம் நிறுத்துவதற்குக்கூட அனுமதியில்லை.

சும்மா நிற்கும் ஈய-அமில பேட்டரி சும்மா இருப்பதில்லை. தானாகவே சக்தி இறங்கும். கூடவே கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் எஞ்சின் கணினியின் நினைவகமும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். 10 மில்லி ஆம்பியர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் வரும், பல வண்டிகளின் பேட்டரியில் பாதி. இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தகட்டில் ஈய சல்ஃபேட் கடினமான படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. முழு சார்ஜில் உள்ள அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. வெறுமையான பேட்டரியின் அமிலம் ஏறக்குறையத் தண்ணீராகிவிட்டதால் மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்து உறையைப் பிளந்துவிடும்.

பழைய சார்ஜர்கள் இதற்கு அரைகுறை வைத்தியம்தான். ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ரெக்டிஃபையர், அவ்வளவே. பேட்டரி நிரம்பியது அவற்றுக்குத் தெரியாது. மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டால் தண்ணீர் வாயுவாகி வற்றித் தகடு வெளியே தெரியும். மின்னணு சார்ஜர் இதைத் தீர்த்தது. 14.4 வோல்ட் வாக்கில் நிரப்பிவிட்டு, 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்கு இறங்கி, அங்கேயே காவல் நிற்கும். மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம். புளோரிடாவின் டெல்ட்ரான் நிறுவனத்து பேட்டரி டெண்டரும், பெல்ஜியத்தின் டெக்மேட் நிறுவனத்து ஆப்டிமேட்டும் இந்த வகையில் பெயர்பெற்றவை. டெண்டரின் சிறு மாதிரி தருவது முக்கால் ஆம்பியர்தான். காத்து நிற்கும் வேலைக்கு அதுவே தாராளம்.

சார்ஜர் பெட்டிக்குள் இரண்டு வயர்கள் வந்தன. ஒன்றில் முதலைவாய் கிளிப்புகள், இன்னொன்றில் வளையங்கள். 1980-களுக்குப் பிந்தைய வண்டிகளில் பேட்டரி இருக்கைக்கு அடியிலோ டேங்குக்கு அடியிலோ பிளாஸ்டிக் உறைகளுக்குள் புதைந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறையும் இருக்கையைக் கழற்றிக் கிளிப் மாட்டுவது யாருக்கும் பிடிக்காத வேலை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும் இடத்தில் கிளிப் பொறி தெறிப்பதும் நல்லதல்ல. வளைய வயரை ஒருமுறை போல்ட்டில் மாட்டிவிட்டால் அதோடு முடிந்தது. இப்படித்தான் லட்சக்கணக்கான வண்டிகளில், உரிமையாளர் கேட்காமலே, பேட்டரியில் நேரடியாக முடுக்கிய, ஃபியூஸ் உள்ள, வெளியே எட்டிய ஒரு 12 வோல்ட் பிளக் இலவசமாக வந்து சேர்ந்தது. மெக்கானிக்குகள் சரியென்று சொல்லிவந்த ஏற்பாடு சார்ஜர் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

அந்தத் தட்டைப் பிளக்கை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் சுருக்கப் பெயரால் எஸ்.ஏ.இ. பிளக் என்கிறார்கள். டிரெய்லர்களின் விளக்கு இணைப்புகளில் புழங்கும் தட்டைப் பிளக்குகளின் சாதி அது. ஒரு முனை வெளியே நீட்டிய பின். மறுமுனை ரப்பருக்குள் ஒளிந்த குழி. எதிரெதிரே வரும் இரண்டும் ஒரே வடிவம். ஒன்றின் பின் மற்றதன் குழிக்குள் போகும். பேட்டரிப் பக்கத்தில் பாசிட்டிவ் எப்போதும் குழிக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதில் மின்சாரம் எந்நேரமும் உண்டு என்பதால், வண்டியின் இரும்பைத் தொட்டாலும் ஷார்ட் ஆகக் கூடாது. வெளியே நீட்டியிருக்கும் நெகட்டிவ், சட்டத்தைத் தொட்டால் ஒன்றும் ஆகாது.

இந்த வசதியான வடிவத்திலேயே ஒரு கண்ணியும் ஒளிந்திருக்கிறது. இரண்டு வண்டிகளின் சார்ஜர் வயர்களை ஒன்றோடொன்று மாட்டி, ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சம் சக்தி கொடுக்கலாம் என்று எவருக்கும் தோன்றும். பிளக்குகளும் அழகாகப் பொருந்தும். ஆனால் ஒன்றின் நெகட்டிவ் பின் மற்றதன் பாசிட்டிவ் குழிக்குள் போகிறது. இரு பேட்டரிகளும் தலைமாறி இணைந்து, 25 வோல்ட் வயருக்குள் மோதும். ஃபியூஸ் இருந்தால் அது போகும். இல்லாவிட்டால் வயர் எரியும். சில சோலார் பலகைகளின் பிளக்கில் துருவம் இந்த வழக்கத்துக்கு மாறாக இருக்கும்; அதற்காகவே பாசிட்டிவையும் நெகட்டிவையும் இடம் மாற்றும் குட்டி இணைப்பான்கள் விற்கின்றன. துணைக்கருவி வாங்குபவர்கள் மீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது இதனால்தான்.

மாற்று வயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. தட்டைப் பிளக்கிலிருந்து சிகரெட் சாக்கெட்டுக்கு ஒன்று, சூடு உடையின் வட்டப் பிளக்குக்கு ஒன்று, டியூப்லெஸ் டயருக்குக் காற்றடிக்கும் கையளவு பம்புக்கு ஒன்று. தொடக்கத்தில் வண்டிக்காரர்கள் தாமே வெட்டி ஒட்டியவைதான் பின்னர் கடைச்சரக்காயின. கடைசியில் சார்ஜர் செய்யும் நிறுவனங்களே யு.எஸ்.பி. முனையைத் தங்கள் பிளக்கில் பொருத்தி விற்கத் தொடங்கின. ஓரமாக வளர்ந்த பழக்கத்துக்கு அதைவிடத் தெளிவான அங்கீகாரம் வேண்டியதில்லை.

அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்பதுதான் பலர் யோசிக்காமல் விட்டது. ஓர் ஆம்பியர் அளவே தரும் சார்ஜருக்காகச் செய்யப்பட்டது அது. டெண்டரோடு வரும் வளைய வயரில் உள்ள ஃபியூஸ் 7.5 ஆம்பியர், எஞ்சின் ஓடும்போதைய 13.8 வோல்ட்டில் அது நூறு வாட்டுக்குச் சற்று மேல். செல்போனுக்கு அது கடல். சூடு மேல்சட்டையும் ஓடும். மேல்சட்டையோடு கையுறையையும் மாட்டினால் எல்லையைத் தாண்டும். பிளேடு ஃபியூஸ் எல்லையைச் சற்றே மிஞ்சினால் உடனே போவதில்லை. மணிக்கணக்கில் சூடேறிக்கொண்டே தாங்கும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்தான் இளகத் தொடங்கும். அதோடு கால்சட்டையையும் சேர்த்தால் ஃபியூஸ் போய்விடும், அதுவும் பெரும்பாலும் குளிர் மிகுந்த மலைப்பாதையில். அப்போது கைக்குக் கிடைத்த 15 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவது கெட்ட வழக்கம். ஃபியூஸ் காப்பது கருவியை அல்ல, வயரை. மெல்லிய வயருக்குத் தடித்த ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது வயர்தான். வயரின் நீளமும் கணக்கில் வரும். 0.8 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போக 60 சென்டிமீட்டர், வர 60 சென்டிமீட்டர் என்றால் 8 ஆம்பியரில் 0.2 வோல்ட் வழியிலேயே தொலையும். நெடும்பயணக்காரர்கள் இதையெல்லாம் பார்த்து, அதே தட்டைப் பிளக்குக்கே தடித்த வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் கொண்ட மாதிரியை வாங்கிப் போடுகிறார்கள்.

வழிகாட்டிக் கருவிதான் இந்தப் பழக்கத்தை எல்லா வண்டிக்கும் கொண்டுபோனது. ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000 மே மாதத்தில் அதை நிறுத்திக்கொண்டதும் சாலைக்கு ஏற்ற துல்லியம் பொதுமக்களுக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளுக்கென்றே நீர் புகாத கருவிகள் வந்தன. பிறகு செல்போனே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வழி காட்டும் செல்போன் நாலைந்து மணி நேரம் தாங்குவதே அதிகம். செல்போனுக்கு வேண்டியது 5 வோல்ட். 12-ஐ 5-ஆக இறக்கும் சிறு மின்சுற்று அந்த யு.எஸ்.பி. முனைக்குள்ளேயே இருக்கிறது.

அங்கே பழைய சிக்கல் புது வேடத்தில் திரும்பியது. சாவியை அணைத்தாலும் சார்ஜர் வயரில் மின்சாரம் நிற்பதில்லை. நின்றால் சார்ஜரை மாட்டவே முடியாதே. செல்போனைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் யு.எஸ்.பி. முனை சில மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டே இருக்கும். முனையில் எரியும் நீல விளக்கு ஒன்று போதும், சில வாரங்களில் பேட்டரியைப் படுக்கவைக்க. பேட்டரியைக் காக்க வந்த வயரே பேட்டரியைக் காலி செய்யும் விந்தை இது. தீர்வுகளும் உண்டு. வண்டியை நிறுத்தியதும் முனையைப் பிடுங்கிவிடுவது செலவில்லாத வழி. சாவியோடு சேர்ந்து இயங்கும் ரிலே வைத்துத் தனி இணைப்பு எடுப்பது முறையான வழி. வோல்ட்டைக் கவனித்து, எஞ்சின் நின்றதை அறிந்து தானே அணையும் யு.எஸ்.பி. முனைகள் இவற்றுக்கு இடைப்பட்டவை.

பி.எம்.டபிள்யூ வண்டிகளில் இதே கதை தலைகீழாக நடந்தது. அங்கே கருவிகளுக்கென்று வைத்த சிறு சாக்கெட்டின் வழியாகவே பலர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவந்தார்கள். சாக்கெட் பேட்டரியோடு நேரடியாக இணைந்திருந்தவரை அதில் தடையில்லை. 2004-ல் வந்த ஆர் 1200 ஜி.எஸ்.ஸில் விளக்கும் ஹாரனும் சாக்கெட்டும் ஒரு கணினியின் ஆணைக்குள் போயின. அவற்றைக் கணினியோடு இணைத்தது பாஷ் 1980-களில் உருவாக்கிய கேன் பஸ் என்ற தகவல் இணைப்பு முறை. சாவியை அணைத்துச் சற்று நேரத்தில் சாக்கெட்டையும் கணினி மூடிவிடும். ஐந்து ஆம்பியர் அளவைத் தாண்டினாலும் மூடும். சார்ஜரை மாட்டினால் ஒன்றும் ஏறாது. கணினியை எழுப்பிச் சாக்கெட்டைத் திறந்துவைக்கத் தெரிந்த சிறப்புச் சார்ஜர்களைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சூடு உடையையும் பம்பையும் ஓட்ட விரும்பியவர்கள் வேறு வழியின்றி மற்ற வண்டிக்காரர்களைப் போலவே பேட்டரியில் சார்ஜர் வயரை முடுக்கினார்கள்.

பனிக்காலம் இல்லாத நாடுகளில் இந்த வயருக்கு வேலையே இருக்கவில்லை. தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் அன்றாடம் ஓடும் வாகனம். பேட்டரி இறங்கினால் கழற்றிக் கடையில் கொடுத்துச் சார்ஜ் போட்டு வாங்குவது, அல்லது கிக்கரை உதைத்துச் சமாளிப்பது என்பதே நடைமுறை. உணவு விநியோகமும் வாடகை பைக்கும் செல்போனை ஹேண்டில்பாரில் ஏற்றிய பிறகு இங்கும் யு.எஸ்.பி. சார்ஜர் பொருத்தும் வேலை மெக்கானிக் கடைகளுக்கு வந்தது. ஹாரன் வயரிலிருந்தோ இக்னிஷன் வயரிலிருந்தோ இணைப்பு எடுப்பது இங்கே பரவலான முறை; சாவியை அணைத்தால் அதுவும் அணையும் என்பது அதன் நன்மை. 2017 ஏப்ரலிலிருந்து புதிய இரு சக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்தே தீர வேண்டும் என்று இந்திய அரசு விதித்ததால், சிறு வண்டிகளின் மின் மிச்சம் இன்னும் சுருங்கியது.

வாகனத்தின் மின்சாரத்தை வேறு தேவைக்குத் திருப்பிய அனுபவம் ஈழத் தமிழருக்குச் செல்போன் காலத்துக்கே முந்தியது. போர்க்காலமான 1990-களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. டார்ச் பேட்டரிகள்கூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, அதன் டைனமோவில் ரேடியோவை ஓட்டிச் செய்தி கேட்டார்கள். சுற்றுவதை நிறுத்தினால் செய்தியும் நிற்கும்.

2010-க்குப் பின் லித்தியம் பேட்டரிகள் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தன. கனம் ஈய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டார்ட்டருக்குக் கொடுக்கும் உதை அதே அளவு. ஆனால் உறையில் 12 ஆம்பியர்-மணிக்குச் ‘சமம்’ என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே உண்மையில் இருப்பது 4 ஆம்பியர்-மணி வாக்கில்தான். எஞ்சினை அணைத்துவிட்டு டயருக்குக் காற்றடிப்பதும், இரவு முழுக்க டென்ட்டில் விளக்கெரிப்பதும் பழைய பேட்டரியில் செய்தது போல இதில் முடியாது. அளவுக்கு மீறி இறங்கினால் சில வகைகள் மீளவே மீளா. நிற்கும்போது தானாக இறங்கும் அளவு மிகக் குறைவு என்பதால் சார்ஜரின் தேவையும் குறைகிறது. ஈயத்துக்கென்று செய்த சில சார்ஜர்கள் இதற்கு ஆகாது என்பதால், சார்ஜர்களில் லித்தியத்துக்குத் தனி மாதிரிகளும் வந்துள்ளன.

இதற்கிடையே வண்டி நிறுவனங்களே செல்போன் பிரச்சினையைக் கையில் எடுத்தன. சென்னையை அடுத்த ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350 வண்டி 2020-ல் வெளியானபோதே அதன் ஹேண்டில்பாரில் யு.எஸ்.பி. முனை இருந்தது. இப்போது பல நடுத்தர வண்டிகளில் அது சாதாரணம். அந்த முனை தரும் சில வாட்டில் சூடு மேல்சட்டையோ டயர் பம்போ ஓடாது. அவற்றுக்கு இன்றும் இருக்கைக்கு அடியில் உள்ள தட்டைப் பிளக்கைத்தான் தேடுகிறார்கள்.